பூஜை நாளில் முடிந்த வேலைகள்

எங்கள் கம்பெனியில் மிஷின்கள் பழுதாவதை விட்டுப் பல வருஷமாகிறது. கம்ப்யூட்டரில் ஒர்க் ஆர்டர் என்ற வேலைச்சீட்டு வந்ததிலிருந்து ஒரு மிஷினும் ஒழுங்காகப் பராமரிக்கப்படாமல் கெட்டுப்போனதாகச் சரித்திரம் கிடையாது. கெட்டுப்போவதெல்லாம் மனிதர்கள்தான். நம்ப முடியாவிட்டால் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் டிவியை வந்து பாருங்கள். எல்லாம் பச்சைப் பசேல் என்று வயல்வெளி மாதிரி இருக்கும். அப்படிக் கெட்டுப்போனதாகக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தவர்களில் ஒருத்தி, ஏழாம் நம்பர் மிஷினில் நின்ற பெண். அவளுடைய வேலை போக இருந்தது. போக வைத்ததில் பெரும்பங்கு என்னுடையது.

மும்பை செம்பூரில் ஷாம்பு பாக்கெட் போடும் கம்பெனி எங்களுடையது. பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குமே, அந்தச் சின்ன பாக்கெட். பதினான்கு மிஷின்கள் வரிசையாக நின்று நாள் முழுக்க அதைத்தான் துப்பிக்கொண்டிருக்கும். நான் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்து, சயான் டிராஃபிக்கில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மீதி ஆயுளுடன் அங்கே போய்ச் சேருவேன். ஃபிட்டராகத்தான் சேர்ந்தேன். மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் ஆனதற்குக் காரணம் என் திறமை என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையான காரணம், எங்கள் ஆட்களில் டேப் என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் தட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கம்ப்ளைண்ட் புக் என்று ஒரு நீள நோட்டு இருந்தது. எந்த மிஷினில் என்ன கோளாறு, யார் சரிசெய்தது என்று அதில் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாரும் அரிச்சந்திரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அதிலும் பொய்தான் இருந்தது. கையெழுத்தை வைத்து யாருடைய பொய் என்று கண்டுபிடிக்க முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஏசி ரூமில் எங்களை இரண்டு நாள் உட்கார வைத்து, சமோசா கொடுத்து, இனிமேல் ஒர்க் ஆர்டர் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது என்று பாடம் எடுத்தார்கள். ஒவ்வொரு மிஷின் மேலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதை டேப்பில் ஸ்கேன் செய்தால் அதன் ஜாதகமே வரும். எப்போது எண்ணெய் போட்டது, எப்போது பெல்ட் மாற்றியது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும், எல்லாம் வரும். என் ஜாதகத்தைக்கூட யாரும் இவ்வளவு அக்கறையாக எழுதியதில்லை.

பாடம் முடிந்த வாரமே மூன்றாம் நம்பர் மிஷினில் பெல்ட் அறுந்தது. புது பெல்ட் என் கையில் இருந்தது. ஸ்பேனர் இருந்தது. ஆனால் ஒர்க் ஆர்டர் போட வேண்டிய டேப், சார்ஜ் தீர்ந்து சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் இரண்டு ஃபிட்டர்களும் ஆபரேட்டரும், கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்குக் காத்திருப்பவர்களைப் போல, அது உயிர் பெறும்வரை மிஷினைச் சுற்றி நின்றோம். பத்து நிமிஷ வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. சிஸ்டத்தில் அது பத்து நிமிஷம் என்றே பதிவானது. ஒர்க் ஆர்டர் திறந்த பிறகுதான் நேரம் ஓட ஆரம்பிக்குமாம்.

தினமும் காலையில் மேனேஜர் அந்த டிவி முன்னால் எங்களை நிறுத்தி வைப்பார். நேரத்தில் முடிந்த வேலை பச்சை, தவறியது சிவப்பு. நல்ல மனிதர்தான், மராட்டிக்காரர், யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் வருவார். ஆனால் சிவப்பைப் பார்த்தால் அவருக்கு மூச்சு வாங்கும். "ரெட் நஹி மாங்தா" என்பார். என்ன வேலை, ஏன் தள்ளிப் போனது என்றெல்லாம் கேட்க மாட்டார். சிவப்பு வேண்டாம், அவ்வளவுதான். வேண்டாம் என்றால் வேண்டாம். கோளாறைச் சரிசெய்வதைவிடச் சிவப்பைச் சரிசெய்வது சுலபம் என்று நாங்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். கம்பெனி வாசல் டீக்கடையில் அரை கிளாஸ் கட்டிங் டீ ஆறுவதற்குள் டேப்பில் ஐந்து வேலையை முடிப்பேன். எல்லாவற்றுக்கும் கீழே 'ஓகே' என்று ஒரு குறிப்பு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் கம்பெனியில் கறியை யாரும் கேட்கவில்லை, ஏட்டில் சுரைக்காய் இருந்தால் போதும் என்றார்கள்.

தசரா வந்தது. மும்பையில் எந்தப் பட்டறைக்கும் கம்பெனிக்கும் அது முக்கியமான நாள். மிஷின்களை நிறுத்தி, கழுவித் துடைத்து, சாமந்தி மாலை போட்டுப் பூஜை செய்வோம். சந்தனமும் குங்குமமும் மாட்டுங்காவில் பூக்கடைகளை ஒட்டிய கடையில் வாங்கிக்கொண்டு போவது வருஷா வருஷம் என் வேலை. பொட்டு வைப்பதும் நான்தான். பஞ்சாயத்து எதுவும் இல்லாமல் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

ஆபீஸில் பிளானிங் பார்க்கும் புண்ணியவானுக்கு அந்த வருஷம் ஒரு யோசனை தோன்றியது. பூஜை நாளில் பதினான்கு மிஷினும் நிற்கிறதே, நிற்கிற மிஷினில்தானே மாதாந்திரச் சோதனை செய்ய முடியும் என்று, பதினான்கு ஒர்க் ஆர்டரையும் அந்த ஒரே நாளில் போட்டுவிட்டார். கணக்குப்படி அவர் பேச்சில் தப்பே இல்லை. ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கிரீஸ் கன் எல்லாம் அன்றைக்குச் சாமி படத்துக்கு முன்னால் பட்டுத்துணியில் படுத்திருக்கும் என்பதும், மறுநாள் காலைவரை அவற்றை எடுத்து வேலை செய்தால் வருஷம் பூராவும் உருப்படாது என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. அவரே வந்து பிரசாதம் வாங்கித் தின்றார். அதைச் சொல்ல சிஸ்டத்தில் இடம் இல்லை.

ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு போட்டோ ஏற்ற வேண்டும், வேலைக்கு முன், வேலைக்குப் பின். நான் யோசித்தேன். பூஜைக்கு முன் ஒரு போட்டோ, பூஜைக்குப் பின் ஒரு போட்டோ. முன்னதில் மிஷின் மொட்டையாக நிற்கிறது. பின்னதில் மாலையும் பொட்டுமாக மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. முன்னேற்றம் கண்கூடு. கற்பூரத் தட்டு வரிசையில் என்னிடம் வருவதற்குள் பதினோரு மிஷினின் சோதனை முடிந்திருந்தது. மீதி மூன்றைப் பொரி தின்றுகொண்டே முடித்தேன். பெல்ட் பார்த்தாயா என்றது டேப், பார்த்தேன். எண்ணெய் போட்டாயா, போட்டேன். சென்சார் துடைத்தாயா, துடைத்தேன். மறுநாள் டிவியில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. மேனேஜர் எங்களுக்கு ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துப் புது ஃபிலிம் ரோல் மாட்டி ஓட்டியதும் ஏழாம் நம்பர் மிஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அந்த பாக்கெட் உறையில் ஒரு பெண் கூந்தலை விரித்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். உறை ஃபிலிமின் ஓரத்தில் பாக்கெட்டுக்கு ஒன்றாகக் கறுப்புக் கோடு இருக்கும். அந்தக் கோட்டைச் சென்சார் பார்த்ததும் கத்தி சரியான இடத்தில் வெட்டும். எங்கள் ஆட்கள் சென்சாரைக் கண் என்றுதான் சொல்வார்கள். ஏழாம் நம்பரில் கத்தி அந்தப் பெண்ணின் கழுத்தில் இறங்கியது. ஒரு பாக்கெட்டில் தலை, அடுத்ததில் உடம்பு. இருபது பாக்கெட் நன்றாக வரும், பிறகு ஒரு கொலை, மிஷின் நின்றுவிடும்.

அதை ஓட்டியவள் மான்குர்த்திலிருந்து வருகிறவள். காண்ட்ராக்ட் ஆள். சொந்த ஊர் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான், அதனால் என்னை அண்ணாச்சி என்பாள். வேலையில் சேர்ந்து நான்கு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. டப்பாவில் எலுமிச்சை சாதம் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அவள் மிஷின் நிற்கிற ஒவ்வொரு தடவையும் லைன் சூப்பர்வைசர் டேப்பில் காரணம் போட வேண்டும். காரணங்களின் பட்டியலில் முதல் வரி 'ஆபரேட்டர் தவறு'. கீழே இன்னும் பதினைந்து காரணம் இருந்தது. அதைப் பார்க்க விரலால் தள்ள வேண்டும். அவருக்கு விரல் வலி போலிருக்கிறது.

நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், சென்சாரின் பின்னால் இருக்கும் திருகைத் திருகி அதன் பார்வையைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். ஒரு மணி நேரம் ஓடியது. 'ஓகே' என்று ஒர்க் ஆர்டரை மூடிவிட்டு வந்தேன். இரண்டாவது தடவை ஃபிலிமின் இழுப்பை மாற்றி அதற்கும் ஒரு 'ஓகே'. சென்சாரின் முகம் ஃபிலிமுக்குப் பின்னால் மறைந்திருக்கும். ரோலைக் கழற்றினால்தான் தெரியும். கழற்றி மாட்டக் கால் மணி நேரமாகும். சென்சார் துடைத்தாயிற்று என்று சிஸ்டத்திலேயே இருக்கும்போது கழற்றுவது எதற்கு? என் பொய்யை நானே நம்பும் நிலைக்கு வந்திருந்தேன்.

பத்து நாளில் டிவியில் அவள் பெயருக்கு நேரே ஒரு நீளச் சிவப்புக் கோடு வந்துவிட்டது. மேனேஜர் ஏழாம் நம்பரின் ஜாதகத்தைத் திறந்தார். மெயின்டனன்ஸ் பச்சை. ஆக, மிஷின் நல்ல மிஷின், ஆள்தான் சரியில்லை. சனிக்கிழமையோடு அவளை நிறுத்திவிட்டு வேறு ஆளை அனுப்பும்படி காண்ட்ராக்டருக்குச் சொல்லிவிட்டார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நான் பக்கத்தில்தான் நின்றேன். பாவம் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் என்னிடம் வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. மிஷினில் ஏதோ இருக்கிறது, இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று கேட்டாள். நான் டேப்பைத் திறந்து ஏழாம் நம்பரின் ஜாதகத்தை அவளுக்குக் காட்டினேன். பச்சையாக இருக்கிறது பார் என்றேன். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தசரா அன்றைக்கு எல்லாம் செக் பண்ணியாயிற்று என்று எழுதியிருக்கிறது என்றேன். யார் செக் பண்ணியது என்றாள். நான்தான் என்றேன்.

"அப்ப சரி அண்ணாச்சி," என்றாள். "நீங்க பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும். எங் கையிலதான் ஏதோ கோளாறு."

தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, காண்ட்ராக்டரிடம் காட்ட ஏழாம் நம்பரின் முழு ஜாதகத்தையும் போட்டோவுடன் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார் மேனேஜர். சிஸ்டம் வந்த நாளிலிருந்து ஏற்றிய போட்டோக்களை யாரும் திறந்து பார்த்ததே இல்லை. போட்டோ இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், போட்டோவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. முதல் தடவையாக நான் திறந்தேன். 'வேலைக்குப் பின்' என்ற போட்டோ திரை முழுக்க விரிந்தது. மாலை, வாழைக்கன்று, என் செருப்பின் நுனி. அன்றைக்கு ஏழாம் நம்பரில் ரோல் தீர்ந்து ஃபிலிம் இல்லாமல் இருந்தது. அதனால் கண் வெளியே தெரிந்தது. அந்தக் கண்ணின் கண்ணாடி மேலேயே, கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. விரல் என்னுடையது.

நான் வைத்த பொட்டு, நான் எடுத்த போட்டோ, அதன் பக்கத்தில் 'சென்சார் துடைத்தாயிற்று' என்று நான் போட்ட டிக். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்கூடப் பூசணிக்காயைப் போட்டோ எடுத்து இலை ஓரத்தில் வைத்திருக்க மாட்டான்.

கீழே ஓடினேன். ரோலைக் கழற்றச் சொன்னேன். அவள் கழற்றினாள். பொட்டு அப்படியே இருந்தது, காய்ந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு. ஆச்சரியம் அதுவல்ல. பொட்டைச் சுற்றி அரை இஞ்சுக்கு அப்பால் ஒரு தூசி இல்லை. பிராக்கெட், உருளை, திருகு எல்லாம் பளபளவென்று இருந்தன. தினமும் யாரோ துடைத்திருக்கிறார்கள், பொட்டை மட்டும் விட்டுவிட்டு.

இதைப் பார்த்தாயா என்று கேட்டேன். ரோல் மாற்றும்போதெல்லாம் பார்க்கிறேன் என்றாள். பின்னே ஏன் துடைக்கவில்லை என்று கத்தினேன். என்மேல் வந்த கோபத்தை அவள்மேல் கொட்டினேன்.

"நீங்க வச்ச பொட்டுல்லா அண்ணாச்சி," என்றாள். "சாமிக்கு வச்ச குங்குமத்த பொம்பள கையால எப்படி அழிக்க? மத்ததெல்லாம் தொடச்சேன்."

என் சட்டை முனையில் எச்சிலைத் தொட்டு நான் அதை அழித்தேன். ரோலை மாட்டி ஓட்டினாள். கூந்தல்காரி தலையும் உடம்புமாக, சிரித்த முகமாக வர ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன், ஒரு கழுத்தும் அறுபடவில்லை.

இந்த இடத்தில், நான் உடனே மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. கான்டீனில் உட்கார்ந்து ஆறிப்போன சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டு, மிஷின்தான் சரியாகிவிட்டதே, இனிமேல் நிற்காது, சிவப்பு தானாகக் குறையும், என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். ஆனால் சிவப்பு குறைய ஒரு வாரமாகும். மறுநாளே சனிக்கிழமை. இன்னொன்றும் புரிந்தது. அவள் போய் திங்கட்கிழமை வேறு ஆள் வந்து நின்றால், மிஷின் அழகாக ஓடும். ஆளை மாற்றினார்கள், சரியாகிவிட்டது என்று சிஸ்டம் அதையும் பச்சையில் எழுதிக்கொள்ளும். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். தள்ளிய குதிரை நான்.

மூடிய ஒர்க் ஆர்டரை என்னால் திறக்க முடியாது. மேனேஜரால் மட்டும்தான் முடியும். அதனால் புதிதாக ஒன்று போட்டேன். மிஷின் நம்பர் ஏழு. கோளாறு, சென்சார் மறைந்திருந்தது. காரணம் என்ற இடத்தில் பட்டியலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். தேய்மானம், மின்சாரம், அழுக்கு, ஆபரேட்டர் தவறு எல்லாம் இருந்தது. மெயின்டனன்ஸ்காரன் தவறு என்று ஒன்று இல்லை. பெங்களூர்க்காரர்களுக்கு எங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை. 'மற்றவை' என்பதைத் தொட்டு, கீழே இங்கிலீஷில் தட்டினேன்: தசரா அன்று எந்த மிஷினையும் நான் சோதிக்கவில்லை, பதினான்கையும் பார்க்காமலே மூடினேன், ஏழாம் நம்பர் நின்றதற்கு ஆபரேட்டர் காரணமில்லை. 'ஓகே' தவிர அந்தப் பெட்டியில் நான் எழுதிய முதல் வாக்கியம் அதுதான். அனுப்பினேன்.

மேனேஜர் கூப்பிட்டார். அவருக்குச் சென்சாரைப் பற்றிக் கவலையில்லை. பதினான்கையும் திறந்தால் பூஜை நாள் பச்சை முழுக்கச் சிவப்பாகுமே, மேலே என்ன சொல்வது என்றுதான் கேட்டார். மிஷின் ஓடுகிறதல்லவா, இந்த ஒர்க் ஆர்டரை அழித்துவிடு, அந்தப் பெண்ணுக்கு வேறு கம்பெனியில் இடம் பார்க்கச் சொல்கிறேன் என்றார். குரலில் கனிவு இருந்தது, அதுதான் தொல்லை. நான் போட்டோவை அவர் முன்னால் வைத்தேன். நிறைய நேரம் பார்த்தார். மற்ற பதின்மூன்று போட்டோவையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். பதின்மூன்று மாலை. கடைசி போட்டோவில் கையில் பிரசாதத்தோடு அவரே நின்றிருந்தார்.

"அந்தப் பொண்ணு பேர்ல இருக்கிற ஸ்டாப் எல்லாத்தையும் என் பேருக்கு மாத்துங்க சாப்," என்றேன் இந்தியில். "நான் பாக்கல. பாத்தேன்னு எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது."

சனிக்கிழமை அவள் போகவில்லை. டிவியில் சிவப்புக் கோடு ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைத்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது. கூடவே, உண்மையாகப் பதிவு செய்வது எப்படி என்று மறுபடியும் இரண்டு நாள் ஏசி ரூமில் பாடம். சமோசா அதே கடையிலிருந்துதான் வந்தது. பதினான்கு மிஷினையும் மறுபடி சோதித்தோம். மூன்றில் நிஜமாகவே பெல்ட் போயிருந்தது.

அடுத்த தசராவுக்குச் சோதனைப் பட்டியலில் ஒரு புது வரி சேர்ந்திருந்தது: 'சென்சாரில் பொட்டு இல்லை என்று உறுதி செய்க.' அதற்கும் ஒரு டிக். இந்தத் தடவை சோதனையைப் பூஜைக்கு மறுநாள் போட்டிருந்தார்கள். பதினான்கு மிஷினையும் பார்க்க வேண்டும், மேனேஜர் அவசரப்படுத்தினார். ஏழாம் நம்பர் முன்னால் வந்தபோது, முந்தைய நாள் கண்ணின் பக்கமே போகாமல் மேல்மூடியில் மட்டும்தான் பொட்டு வைத்தோம் என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. டேப்பைத் திறந்தேன். விரலைக் கொண்டுபோனேன்.

அவள் ஏற்கெனவே ரோலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பழைய சிரிப்புதான், பழைய அண்ணாச்சிதான். எலுமிச்சை சாதத்தில் பங்கும் அப்படியேதான் இருந்தது.

"குனிஞ்சு பாத்துட்டு டிக் போடுங்க அண்ணாச்சி," என்றாள்.

குனிந்து பார்த்தேன். கண் சுத்தமாக இருந்தது. அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. ஆனால் 'நீங்க பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும்' என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் என்னிடம் சொன்னதில்லை.